இரவு ஒன்பதுக்குப் பின் வருவோர்

வெள்ளிக்கிழமை, பசார் மாலாம் கலைந்த பிறகு
பாடாங் செராய் மாமாக் கடையில்
ஈர மேசை, இரண்டு தே தாரிக்,
நடுவே என் கைப்பேசி மல்லாந்து கிடக்க
நாங்கள் இங்கிலாந்தில் அறை தேடிக்கொண்டிருந்தோம்.

லண்டன் வேண்டாம் என்றது அவர்தான்.
'பட்டர்வெர்த்துக்குப் போனாலே எனக்குத் தலை சுற்றும்.
ஆடு மேய்கிற ஊராப் பாரு.'
பரஞ்சோதிக்கு ஐம்பத்தைந்து முடிந்து
சேமநிதி கைக்கு வந்த மாதம்.
இத்தனை பூஜ்யங்களை ஒருசேர நாங்கள் கண்டதில்லை.
அவை பறப்பதற்குள் நாங்கள் பறந்துவிட வேண்டும்.

முதலில் வந்தது ஒரு பழைய மாவு ஆலை.
ஓடை. நின்றுபோன சக்கரம்.
சக்கரத்தை ஒட்டிக் கட்டில்.
ராத்திரிக்கு இருநூற்று எழுபது பவுன்.
டிஷ்யூ தாளில் பெருக்கிப் பார்த்தார்.
'ஆலைக்குள்ள தூங்க ஆயிரத்தைந்நூறு வெள்ளியா?
செம்பனை ஆலையில இருபத்தாறு வருஷம்
நைட் ஷிப்டுல சும்மாவே தூங்கினேன்.
மாசக் கடைசியில சம்பளமும் குடுத்தான்.'
பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அடுத்தது,
ஒரே கூரை, ஆறு கதவுகள்.
பண்ணையாட்கள் குடியிருந்ததாம், நூற்றெண்பது வருஷத்துக்கு முன்.
நடுச்சுவரை இடித்து இரண்டு வீட்டை ஓர் அறையாக்கி
உத்தரத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.
தலை குனிந்து நுழையவும், என்று அன்பாக ஒரு பலகை.
அவருக்குப் பிடித்துவிட்டது.
எனக்கு முகம் சுண்டிப்போனது.
'இது லயம்.'
'கல்லுல கட்டியிருக்கான்.'
'கல்லுல கட்டின லயம்.'
அடுத்த வீட்டு இருமலுக்கு விழித்துக்கொள்கிற வீட்டிலிருந்து
வெளியே வர எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது.
திரும்ப உள்ளே போகக் காசு கொடுப்பேனா?

பிறகு என் விரல் ஓரிடத்தில் நின்றது.
தூண் வைத்த முகப்பு, சரளைக்கல் பாதை.
அறைகளுக்கு எண் கிடையாது, பறவைகளின் பெயர்.
ஜன்னலோரம் கால் முளைத்த குளியல் தொட்டி.
நாய்க்கு மெத்தை உண்டு,
பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.
நாலு மணிக்குத் தேநீர். அவர்களே கொண்டுவருவார்கள்.
'இது துரை பங்களாடி' என்றார்.
'ஆமாம்' என்றேன்.

அவருக்குத் தெரிந்த கதைதான்.
பதிமூன்று வயதில், பள்ளி விடுமுறைகளில்
மேனேஜர் வீட்டில் கரண்டி துலக்கினேன்.
ஐந்து வகைக் கரண்டி.
எது எதற்கென்று இப்போதும் சொல்வேன்,
ஒன்றிலும் சாப்பிட்டதில்லை.
அந்த வீட்டின் முன்கூடம் எனக்கு
கதவிடுக்கில் தெரிந்த ஒரு மான்கொம்பு. அவ்வளவுதான்.

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை,
சம்பல் போத்தலைப் பெட்டியில் வைக்கலாமா என்பதைத் தவிர.
பறவைகளில் ஆந்தையைத் தேர்ந்தெடுத்தார்,
நைட் ஷிப்ட் பாசம்.
மூன்று ராத்திரி. முழுப்பணமும் கட்டியாயிற்று.

மறுநாள் பதில் வந்தது, மிக மரியாதையான ஆங்கிலத்தில்.
உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்.
உங்கள் ரயில் ஒன்பதே முக்காலுக்கு வருவதாகக் குறித்திருக்கிறீர்கள்.
இரவு ஒன்பதுக்குப் பின் வருவோர்
தயவுசெய்து கட்டடத்தைச் சுற்றி வந்து
சமையலறை ஓரமுள்ள பின்கதவால் நுழையவும்.
சாவி, புதினாத் தொட்டிக்கு அடியில்.

இரண்டு தடவை படித்தேன்.
'நல்லதுதானே, யாரையும் எழுப்ப வேண்டாம்' என்றார்,
'கதவு கதவுதான்.'

முந்தின ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்தேன்.
மதியம் மூன்றரை.
டிக்கெட்டை மாற்ற நாற்பது பவுன் அபராதம்.

பெருக்கிப் பார்க்க அவர் டிஷ்யூ தேடினார்.
அதற்குள் கட்டிவிட்டேன்.