வலப்பக்கம்

வாளையாறு எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும்.
சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
இருபத்து நாலில் ஒரு பங்காக
ஒரு எஸ்டீம் செய்துகொண்டிருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் நம்பர் கார்.
செட்டிபாளையத்தில் இரண்டாயிரத்து மூன்றில் ஓடியது.
ஜெயிக்கவில்லை.
ஏழாவதோ எட்டாவதோ.
வேலிக்கு வெளியே நின்றிருந்த நான்
அன்றைக்கு ஜெயித்த காரை மறந்துவிட்டேன்.

பெராரி என்றால் பெட்டியில் வரும்,
எண் போட்ட துண்டுகளாக, படம் போட்ட தாளோடு.
எஸ்டீமுக்கு யார் அச்சு வார்ப்பார்கள்?
போர்டு எழுதுகிறவர் கழித்துப்போட்ட
பிளாஸ்டிக் தகட்டில் கதவு வெட்டினேன்.
கூரை வளைவு மூன்றாம் தடவைதான் வந்தது.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்
சீட் பெல்ட்டின் கொக்கி ஆயிற்று.
செத்த ஹெட்போனின் செம்பு நரம்பு நான்கு
பிளக் வயர்கள்.
பானெட்டை மூடினால் தெரியாது.
தெரியாது என்று எனக்குத் தெரியும்.

எதைப் பார்த்தாலும் இருபத்து நாலால் வகுக்கிற
வியாதி வந்துவிட்டது.
கனகவல்லி ஆறரை சென்டிமீட்டர்.
சண்டை மட்டும் முழு அளவில்.
"நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டில் எங்கே?"

ஆடியில் கணவாய்க் காற்று
கதவிடுக்கில் சாரலைத் தெளித்தது.
போனட்டில் பூசிய வார்னிஷ்
விடியும்போது பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தது.
தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன்,
நான்கு ராத்திரி,
அடியில் மஞ்சள் மறுபடி தெரியும்வரை.

என்னிடம் இருந்ததோ ஒரே போட்டோ.
இடது பக்கத்திலிருந்து எடுத்தது.
மஞ்சளில் நீலப் பட்டை,
கதவில் பம்புசெட் கம்பெனியின் பெயர்,
முன் சக்கரத்தின் மேல் ஒரு நசுங்கல்.
நசுங்கலைக்கூடச் செய்துவிட்டேன்,
சூடான கரண்டிக் காம்பை வைத்து அழுத்தி.
வலது பக்கம்?
ஏழு மாதம் அந்தப் பக்கத்தைச்
சுவரோரம் திருப்பியே வைத்திருந்தேன்.

கஞ்சிக்கோட்டில் ஏசி ரிப்பேர் பார்க்கிற உம்மர்
அந்தக் காரின் மெக்கானிக்காக இருந்தவராம்,
தக்காளி லாரிக்காரர் ஒருவர் சொன்னார்.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்,
ஷூ பெட்டிக்குள் பஞ்சு வைத்து.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
நசுங்கலைத்தான் முதலில் தொட்டார்.
"இது நான் ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சதாக்கும்."
அப்புறம் திருப்பினார்.
"வலது பக்கமா? அதுக்கு ஏது காசு?
டிராக்கு வலஞ்சுழி. கேலரிக்குத் தெரியறது இடது.
அந்தப் பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சோம்.
இந்தப் பக்கம் சும்மா பிரைமர்.
டயர் காத்து எவ்வளவுன்னு
நான் சாக்பீஸ்ல கதவுமேல எழுதி வைப்பேன்."
எவ்வளவு என்று கேட்டேன்.
"இருபத்தாறோ இருபத்தெட்டோ."
ஓட்டுகிறவன் உட்கார்ந்த பக்கம் அது.

திரும்பி வந்து சாம்பல் நிறம் கலந்தேன்.
பளபளப்பு இல்லாத சாம்பல்,
பூசுவதற்கு முன்பான நிறம்.
அதைப் பூசி முடிப்பதற்கு
மஞ்சளைவிட நாளாயிற்று.
வாங்கி வைத்த நீலம் திறக்காமலே இருக்கிறது.

எண்தான் மிச்சம்.
ஊசி முனையில் வெள்ளை தொட்டு
'2' எழுதினேன்.
பக்கத்தில் ஆறா எட்டா,
ஒரு மணி நேரம் கையைத் தூக்கியபடி.
பிறகு விரலால் லேசாகத் தேய்த்தேன்,
யாரோ ஏறும்போது முழங்கை பட்டதுபோல.

மூன்று மணி வாக்கில் மேடை காலியாக இருந்தது.
காரைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.
பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்கு இல்லை.
சைபர்.
ஆனாலும் சீட்டு எடுத்தேன்,
வண்டி எண் 41,
சரக்கு என்கிற இடத்தில் ஒரு கோடு.
பின்னால் ஆந்திரா வண்டி ஒன்று
ஹாரன் அடித்தது.
விளக்கு வெளிச்சம் அந்தச் சாம்பல் பக்கத்தில்தான்
முழுசாக விழுந்தது.
கொஞ்சம் நிற்கச் சொல்லி
கையைக் காட்டினேன்.