மஞ்சள் என்றால்

சாவியைத் திருப்பினால் ஒரு பெண் பேசுவாள்
ஜப்பானிய மொழியில்.
நான்கு வருடமாக ஒரே வாக்கியம்.
முறுக்கும் மிக்சரும் ஏற்றிய ப்ரோபாக்ஸில்
மோல்மேனிலிருந்து தட்டோன் போகும் வழியெல்லாம்
அதற்குப் பொருள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்:
கதவைச் சாத்து.
எண்ணெய்க் கடனைக் கட்டு.
மழை வருது, அப்பளத்தை எடு.

அவளுடைய ரேடியோ தொண்ணூறோடு நின்றுவிடும்.
பொன்னுத்தாய்க்கு வேண்டிய நிலையம்
தொண்ணூற்று மூன்றில் இருக்கிறது.
வலப்பக்கம் ஓடும் சாலை, வலப்பக்கமே ஸ்டியரிங்.
முன்னால் போகும் லாரியைத் தாண்டலாமா என்று
எட்டிப் பார்த்துச் சொல்பவள் அவள்தான்.
என் உயிரைக் கையில் வைத்திருப்பவள்
பாட்டுக் கேட்டால் மறுக்க முடியுமா?

கடைக்காரன் ஜா லின் பொருத்துகூலி சொன்னான்.
அந்தக் காசுக்கு இரண்டு டின் எண்ணெய் வரும்.
பெட்டியை மட்டும் வாங்கி வந்தேன்.

ஞாயிறு. பத்து மணிக்கு கரண்ட் போனது,
விசிறி நின்றது, வேறு வழியில்லாமல் தைரியம் வந்தது.
பாட்டரியின் கறுப்பு முனையை முதலில் கழற்று:
காகிதம் சீனத்தில் சொன்னது,
ஓரத்தில் ஆங்கிலத்தில் முணுமுணுத்தது.
டேஷ்போர்டுப் பலகையை இழுத்தேன்.
'டக்.'
உடையவில்லை, கிளிப் விட்டுக்கொடுத்த சத்தம்.
மறுபடி 'டக்.'
அது உடைந்த சத்தம்.

பலகைக்குப் பின்னால், யாரோ ஒருவரின் தூசியில்
ஒரு யென் காசு, மங்கிய ரசீது, ஹேர்பின்.
"பேசுறவளோடதா?" என்றாள் பொன்னுத்தாய்,
ஹேர்பின்னைத் தன் கொண்டையில் செருகியபடி.

பிறகு கம்பிகள்.
மஞ்சளோடு மஞ்சள், கறுப்போடு கறுப்பு,
சிவப்போடு சிவப்பு,
ஜாதகம் பார்க்காமலே பத்துப் பொருத்தம்.
டேப் சுற்றி, பாட்டரியை மாட்டி,
சாமியைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

புதுப் பெட்டி பிணம்போல் கிடந்தது.
அவள் மட்டும் பேசினாள்.

பழைய பெட்டி பொன்னுத்தாயின் மடியில்,
தொங்கும் கம்பி ஒன்றும் எதையும் தொடவில்லை.
இருவரும் அதையே பார்த்தோம்.
அவள் கன்னத்துத் தனகாவில் வியர்வை
ஒரு கோடு கிழித்து இறங்கியது.
"எறக்கி வச்சிடவா?" என்றாள் மெதுவாக,
குழந்தையை எழுப்பிவிடாத குரலில்.

சாவியை அணைத்து மறுபடி திருப்பினேன்.
ஸ்டியரிங்குக்குக் கீழே, என் முழங்காலுக்குப் பக்கத்தில்,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா.
அதற்குள் இருந்திருக்கிறாள் இத்தனை நாளும்.
ரேடியோவுக்கும் அவளுக்கும்
ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

சிரித்து ஓய்ந்த பிறகும் பெட்டி பிணம்தான்.
பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு கம்பி கட்டி
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தோம்.
புதுப் பெட்டிக்கு மஞ்சள் என்றால் ஓயாத மின்சாரம்.
இந்தக் காருக்கு மஞ்சள்
பின்கதவு ஸ்பீக்கரின் ஒரு பாதி,
மறுபாதி கறுப்பு.
மின்சாரம் நீலத்தில் ஒளிந்திருந்தது,
எர்த் பழுப்பில்.
சாவிக்குக் கட்டுப்பட்டது சாம்பல் மட்டும்.

அடையாள அட்டையில் நான் மா கைங் தாசின்.
கோயில் ரசீதில் செங்கமலம்.
செக்போஸ்டில் ஒருத்தி இறங்குவாள்,
திருவிழாவில் மற்றவள் பால்குடம் எடுப்பாள்.
நிறத்தை நம்பி முடிச்சுப் போடாதே என்று
எனக்கா ஒரு பல்பு வந்து சொல்ல வேண்டும்?

அத்தனையும் அவிழ்த்து மறுபடி கட்ட
மூன்று மணி ஆயிற்று.
ஒரு திருகாணி மிச்சம், எங்கே போகவேண்டியதோ.
இடது ஸ்பீக்கரின் பாட்டு வலதில் வருகிறது.
உடைந்த மூலையில் கோந்து.
ஆனாலும் தொண்ணூற்று மூன்றில்
ஒருவன் வெங்காய விலை வாசித்தான்,
பொன்னுத்தாய் அதற்கே தாளம் போட்டாள்.

திங்கள் விடியற்காலை. சாவி.
வெங்காயத்துக்கு முந்திக்கொண்டு
முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து அவள்,
அதே வாக்கியம்.

பிடுங்கிவிடலாம்,
ஒரே ஒரு கம்பிதான் போகிறது அதற்கு.
என்ன நிறம் என்று
நான் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.