இடப்பக்கம்

ஈரோடு அலுவலகத்தில் எழுத்தர்
என் இடப்பக்கம் நின்று ஏதோ சொல்கிறார்.
இந்தப் பக்கம் வாங்க என்கிறேன்.

"ராக்கியப்பண்ணா, புது விதி வந்திருச்சுங்க.
பழைய அட்டவணைல உங்களுக்கு முப்பது சதம்,
இதுல பதினாறு.
இருபதுக்குக் கீழ பென்சன் இல்லீங்க."

மனுப் போட்டு நாலு வருசம்.
பீரங்கிப் பயிற்சியில் காது போனது
அதற்கும் பதினொரு வருசம் முந்தி.
காதுக்கு யாரும்
திருத்தம் அனுப்பவில்லை.

கீழ்பவானியிலும் முறை மாற்றுவார்கள்:
இந்தப் போகம் ஒற்றைப்படை மதகு,
அடுத்தது இரட்டைப்படை.
தண்ணி திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.
மண்வெட்டியோடு மடையில் வந்து நின்றவனிடம்
மாற்றிச் சொன்னதில்லை.

"எந்தத் தேதிச் சட்டமுங்க எனக்கு?"

ஃபைலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார்.
உதடு அசைந்தது,
மறுபடி
அந்தப் பக்கம்.