ஒரே ஒரு இழுப்பறை

புது அறையின் சமையல் மூலையில்
இழுப்பறை ஒன்றுதான்.
தையல் நாடாவால் அளந்து வந்தேன்.
அகலம் முப்பத்தெட்டு, ஆழம் ஒன்பது.
அதற்குள் அடங்குவதே என் பங்கு,
மற்றதெல்லாம் உனக்கு என்றேன்.
லூதோமிர் தலையாட்டினார்,
செய்தித்தாளை மடிக்காமலே.

நவம்பர். போஸ்னானில்
மூன்றரைக்கே விளக்குப் போடவேண்டியிருக்கிறது.
இருபத்தாறு வருஷத்துச் சாமான்களை
மேஜைமேல் பரப்பிவிட்டு நிற்கிறேன்,
பிணக்கிடங்கில் அடையாளம் காட்ட வந்தவள் மாதிரி.

முட்டை அறுக்கும் கம்பி.
கல்யாணப் பரிசு, யார் தந்ததென்று மறந்துபோயிற்று.
கத்தியால் நாலே வெட்டில் முடிகிற காரியம்.
இதைக் கழுவத்தான் பத்து நிமிஷம்.
போகட்டும்.

மரக்கட்டையில் செருகிய ஏழு ஜெர்மன் கத்திகள்.
அவர் ஆசைப்பட்டு வாங்கியது.
ஏழில் ஆறு
இன்னும் ஒரு வெங்காயத்தின் முகம் பார்த்ததில்லை.

பாஸ்தா பிழியும் இயந்திரம்.
ஒரே ஒரு நாள் ஓடியது.
சுவரெல்லாம் மாவு, அவர் மீசையில் மாவு,
நாங்கள் சிரித்த சிரிப்பில்
மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.
அதற்காக எடுத்துக்கொள்ள முடியுமா?
ஒன்பது சென்டிமீட்டரில்
எதை மடித்து வைப்பது.
பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

தேய்ந்து பிறையாகிவிட்ட சின்னக் கத்தி.
அடுப்பில் சுட்டுப் பிடி கருகியது.
சும்மா கொடுத்தாலும் யாரும் தொடமாட்டார்கள்.
ஆனால் உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டுவதற்கு
அதன் நுனிக்குத் தெரிந்த வழி
எனக்கே தெரியாது.
எடுத்துக்கொண்டேன்.

மரக்கரண்டி.
நான் இடதுகைக்காரி. அதன் உதடு
ஒருபக்கமாகவே தேய்ந்திருக்கிறது.
வேறு யார் பிடித்தாலும் அடிப்பிடிக்கும்.
சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வருமாம்.
சட்டியை விட்டுவிட்டு
அகப்பையோடு கிளம்புகிறேன், பார்ப்போம்.

நாலுபக்கத் துருவி.
என் விரல்கணுத் தோலையும் தின்றிருக்கிறது.
படுக்கவைத்தாலும் ஒரு விரற்கடை தூக்கி நிற்கும்,
இழுப்பறை மூடாது.
இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரம் வைத்தேன்.
அப்போதுதான் அவர் எழுந்து வந்தார்.
துருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில் எந்தப் பக்கம் எதற்கு?"

இருபத்தாறு வருஷத்தில்
அந்தச் சமையலறையில் அவர் கேட்ட முதல் கேள்வி.
கோபம் வரும் என்று நினைத்தேன்.
வரவில்லை.
முள்ளுப்பக்கம் உருளைக்கிழங்கு அடைக்கு,
பெரிய துளை முட்டைக்கோசுக்கு,
சின்னத் துளை பாலாடைக்கட்டிக்கு.
நாலாவது பக்கம்?
நானும் அதைத் தொட்டதில்லை என்றேன்.
பென்சிலை எடுத்து
செய்தித்தாள் ஓரத்தில் மூன்றையும் குறித்துக்கொண்டார்.

டின் திறப்பான் ஒன்றுதான் இருந்தது.
யாரும் பேச்செடுக்கவில்லை.
இனி டின் மீன்தான் அவருக்குச் சாப்பாடு,
விட்டுவந்தேன்.

புது அறையில் முதல் ராத்திரி.
கையில் பட்டாணி டின், திறக்க வழியில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு, டிராம் பிடித்து,
மூடப்போகிற கடைக்குள் நுழைந்தேன்.
கொக்கியில் மூன்று தொங்கின.
முதலாவது தகரம், பிடித்தாலே வளைந்தது.
இரண்டாவது கனம், சுத்தியல் மாதிரி.
மூன்றாவதன் திருகு எதிர்ப்புறம் இருந்தது.
பழுது போலிருக்கிறது என்று கடைப்பெண்ணிடம் காட்டினேன்.
"இல்லையம்மா, அது இடதுகைக்காரர்களுக்கு" என்றாள்.

அப்படி ஒன்று உண்டா?

இத்தனை வருஷம்
டின்னையும் மணிக்கட்டையும் உடம்பையும் சேர்த்து முறுக்கி
எதிர்த்திசையில் திறந்துகொண்டிருந்தேன்.
என் கைதான் கோணல் என்று
அம்மா சொன்னாள், மாமியார் சொன்னாள்,
நானும் சொல்லிக்கொண்டேன்.
விலை இரண்டு மடங்கு.
சில்லறையை எண்ணி வைத்தேன்.

பட்டாணி வெந்த வாசனை
படுக்கைவரை வருகிறது, அறை அவ்வளவுதான்.
இழுப்பறையில் கத்தி, கரண்டி,
தோல்சீவி, சின்ன வடிகட்டி, திறப்பான்.
மூடிப் பார்த்தேன்.
பாதியில் நிற்கிறது.
உள்ளே எதுவோ தடுக்கிறது, கரண்டிக்காம்பாக இருக்கும்.
இருக்கட்டும்,
சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம்.