பூஜ்யம்

இரவு மூன்று மணி. ஃபாரோ தீவின் மலைமுகட்டு நிலையம்.
காற்றின் வேகம் பூஜ்யம் என்றது திரை.
கதவோ கீலோடு கத்திக்கொண்டிருந்தது.

மார்யுன் மரச்சுத்தியலை எடுத்தாள்,
இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டி
ஏணியோடு ஒட்டிக்கொண்டு ஏறினாள்.
உச்சியில் மூன்று கிண்ணங்களும்
பனிக்குள் இறுகிய கைமுட்டிகள்.

ஒரு தட்டு. இன்னொன்று.
உடைந்த பனி கீழே விழவில்லை,
பக்கவாட்டில் போயிற்று.

கிண்ணங்கள் அப்படித்தான்:
வேகம் பிடிக்க ஒரு நொடி,
தணியத்தான் மனம் வராது.
காற்று சற்றே ஓய்ந்தாலும்
இன்னும் இரண்டு சுற்று
கூட்டித்தான் சொல்லும். அதற்கொரு திருத்தக் கணக்கு உண்டு.
பனி பிடித்த நேரத்துக்கு இல்லை.

உள்ளே வந்தாள். திரையில் நாற்பத்தொன்று.
பதிவேட்டில் பூஜ்யங்களை அடித்துவிட்டு
இரண்டே கால் முதல் மூன்றரை வரை
'தெரியாது' என்று எழுதினாள்.
கையுறையிலிருந்து சொட்டி
தெ மட்டும் கலைந்தது.