கூடுதல் இருநூறு கிலோ

அலுவலகத்தில் யாரோ விட்டுப்போன பூமி உருண்டை.
சோவியத் யூனியன் இன்னும் அதில் இளஞ்சிவப்பாக இருக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த வாரம்
ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே
நூல் பிடித்துப் பார்த்தேன்:
பதினெட்டு சென்டிமீட்டர். ஒன்பதரை மணி நேரம்.

அந்த வழியில் நான் பறந்ததில்லை.
காற்றையும் எரிபொருளையும் கூட்டிக் கழித்து
போகிற விமானத்துக்குத் தாள் போடுகிறவள்.
திரும்புகிற விமானத்துக்கு, நரிதாவில், குராமோச்சி.
முகம் தெரியாது.
குரல் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்,
இரண்டு முறையும் பனிப்புயல்.

கணக்கு முடிந்த பிறகு
எப்போதும் இருநூறு கிலோ கூட்டுவார்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
சும்மா.

யுர்யோ, என் மேலதிகாரி, முணுமுணுப்பார்.
இருநூறு கிலோவைத் தூக்கிப் பறக்கவே
கொஞ்சம் எரிபொருள் எரியுமாம்.
சுமையைச் சுமக்க ஒரு சுமை.

என் இரவு வேலையின் கடைசி மணியும்
அவருடைய மதியத்தின் முதல் மணியும்
ஒன்றின்மேல் ஒன்று விழும்.
மழை, என்பார். சோபா சாப்பிட்டேன், என்பார்.
மைனஸ் பத்தொன்பது, கார் கிளம்பவில்லை, என்பேன்.
அவ்வளவுதான்.

பிறகு வானத்தில் ஒரு பெரிய துண்டைப் பூட்டினார்கள்.
எங்களுக்கு வந்தது
மூன்று வரி அறிவிப்பு.

நூல் போதவில்லை.
ஹெல்சிங்கிப் பக்கம் எட்டு சென்டிமீட்டர் முடிந்தேன்.
நார்வே தாண்டி, கரடிகளின் தீவுகள் தாண்டி
முடிச்சு போய் உட்கார்ந்த இடம்
வட துருவம்.

பதின்மூன்று மணி நேரம் இப்போது.
பயணிகளுக்கு இன்னொரு சாப்பாடு.
இறக்கைக்குள் எரிபொருள் உறைந்துவிடக் கூடாதே என்று
எனக்கு ஒரு தலைவலி.
இரண்டு நகரங்களும்
இருந்த இடத்திலேயே இருந்தன.

அட்டவணை நகர்ந்ததில்
எங்கள் ஒரு மணி நேரம் எங்கோ விழுந்துவிட்டது.
அவர் நாற்காலியை இழுக்கும்போது
நான் பேருந்தில், ஜன்னலில் தலை சாய்த்து.
மூன்றரை மணி கூடியதைப் பத்திரிகைகள் எழுதின.
ஒரு மணி குறைந்ததை யார் எழுதுவது.

ஆனாலும் தாள் வரும்.
கடைசி வரியில் இருநூறு. சும்மா.
பார்த்துவிட்டுத்தான் காப்பி.

மார்ச் மாதம் ஒருநாள்
எண் வந்தது, கணக்கு தந்தபடியே, மொட்டையாக.
காரணக் கட்டம் காலி.
கையொப்பம்: எம். ஷிமோஜோ.

ஓய்வா, இடமாற்றமா, வெறும் காய்ச்சலா.
கேட்கலாம்தான்.
கேட்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அன்றிரவு டோக்கியோ போகிற விமானம்.
காற்று சாதகம். மாற்று நிலையங்கள் தெளிவு.
யுர்யோ விடுப்பில்.
இருநூறு கிலோ கூட்டினேன்.

விமானி அழைத்தார்.
"ஆவுலிக்கி, கடைசியில் இது எதற்கு?"

சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.
அதற்குள் அவரே,
"ஓ, குராமோச்சி எடையா.
சரி, ஏற்றச் சொல்லுங்கள்."