வரும்

இரங்கல் கூட்டத்தில் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள்.
அமலோற்பவ மேரி என்றார் பதிவாளர்.
மேரி கிடையாது. வெறும் அமலோற்பவம்.
முப்பத்தோராண்டுப் பணி என்றார். முப்பத்துமூன்று.
திருத்தக்கூடிய ஒரே ஆள்
மாலை போட்ட படத்துக்குள் இருந்தார்,
கண்ணாடியைக் கழற்றச் சொல்லி யாரோ எடுத்த படம்.

கடைசிக்கு முந்தின வரிசையில் நான்.
மடியில் கைப்பை,
அதற்குள் பாசிகளைப் பற்றிய ஒரு புத்தகம்.
நூல் எண் 11846.
இருபத்தொன்பது வருடம் முன்னால்
ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு போனது.

அன்றைக்கு அதைத் திருட்டென்று நினைக்கவில்லை.
ஆய்வைப் பாதியில் விட்டுக் கல்யாணத்துக்கு இறங்குகிறவள்
மலையிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.
மற்றவர்கள் பேரிக்காயும் தைலமும் வாங்கிப் போனார்கள்.

அன்பானவர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.
அப்படிச் சொல்லிவிட முடியாது.
இருபது பைசா தாமதக் கட்டணத்துக்கு
அட்டுவம்பட்டி நிறுத்தம்வரை ஆளனுப்பியவர்.
டிசம்பரில் கையுறையோடு பக்கம் புரட்டினால்
பின்னால் வந்து நின்று உள்ளங்கையை நீட்டுவார்,
கழற்றிக் கொடுக்கவேண்டும்,
போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் மழைமாதம் முழுக்க
அலமாரிகளுக்கடியில் நாற்பது வாட் பல்புகள் எரியும்.
ஜன்னல்வழி மேகம் உள்ளே வந்தால்
எந்த வரிசை முதலில் நனையும் என்று அவருக்குத் தெரியும்.
தாவரவியல், அப்புறம் சட்டம்,
கவிதை கடைசியில்தான், என்பார்.
அது உள்சுவர்.

ஒருமுறை ராத்திரி வாசற்படியில் காட்டெருமை நின்றது.
உள்ளே நாங்கள் ஏழு பேர்.
'நூலக நேரம் நீட்டிக்கப்படுகிறது' என்று
பலகையில் சாக்கட்டியால் எழுதினார்,
எங்களைத் தவிர யாரும் பார்க்கமுடியாத பலகையில்.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தள்ளி நின்றும் பார்த்தார்.

பிறகு ஒரே தடவை சந்தித்தேன்.
2006, வத்தலக்குண்டு பேருந்து நிலையம்.
ஒளிந்துகொள்ள நேரமில்லை.
தின்றுகொண்டிருந்த சீப்பிலிருந்து
ஒரு சிறுமலைப் பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார்.
பிள்ளைகள் எத்தனை என்றார்.
வீட்டில் ஈரம் உண்டா என்றார்.
விருதுநகரில் ஏது ஈரம், மேடம்.
'நல்லது' என்றார்.
அவருடைய பஸ் வந்துவிட்டது.
பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வெகுநேரம்.

கூட்டம் முடிந்து தேநீர் வந்தது.
புது நூலகர் சின்னப் பெண்.
பழைய கணக்கெடுப்புப் பதிவேடுகளைக் காட்டினாள்,
எல்லாரும் இதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று.
வராத புத்தகங்களுக்கு நேராக
சிவப்பில் 'இழப்பு' என்று எழுதித் தள்ளவேண்டிய இடத்தில்
பென்சிலில், சின்னதாய்:
வரும்.
அடுத்த வருடமும் வரும்.
அதற்கடுத்த வருடமும்.
தணிக்கைக்காரர்களின் வட்டங்களுக்குள்ளும் வரும்.

11846க்கு வந்தேன்.
வரும், வரும், வரும்.
2006இல் மட்டும்
'நலம்.'
2007இல் மறுபடியும் வரும்.
ஓய்வுபெற்ற வருடம் அதே சொல் பேனாவில்.

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.
அபராதம் போடச் சொன்னேன்.
கணினி 2011க்கு முன்னால் போகாது மேடம் என்றாள்,
நீங்களே அடுக்கிவிடுங்கள்.

பெரணிக்கும் கல்பாசிக்கும் நடுவில் இடம் மூடியிருந்தது.
இரண்டும் ஈரத்தில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
விரலால் நெம்பிச் செருகினேன்.
இருபத்தொன்பது கோடை காய்ந்த தாள்
அப்பளம்போலச் சத்தமிட்டது.
பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன்.

குனிந்தால் பல்பு இல்லை,
ஹோல்டர் மட்டும்.
வெளியே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.
தாவரவியல்தான் முதலில்.
போய் ஜன்னலைச் சாத்தினேன்.